யூனோவில் ஓஎல்இடி திரை இருண்டுபோவதும் அதில் தமிழ் எழுத்து வராததும்: 1024 பைட்டுகளின் கணக்கு

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று. முதலாவது, ஆர்டுயினோ யூனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையுடன் 0.96 அங்குல ஒற்றை நிற ஓஎல்இடி (பிக்சல்கள் தாமே ஒளிரும்) திரையை ஐ2சி என்ற இரு கம்பித் தொடர்பு வழியாக இணைத்து, அடாஃப்ரூட் நிறுவனத்தின் லைப்ரரியில் (ஆயத்த நிரல் தொகுப்பில்) உள்ள மாதிரி நிரலை ஓட்டியபோது படம் நன்றாக வந்தது. வெப்பநிலை சென்சாரையும் எஸ்டி கார்டில் பதிவு செய்யும் பகுதியையும் சேர்த்ததும் திரை அடியோடு இருண்டுவிட்டது. ஆனால் கம்பைல் செய்யும்போது நினைவகத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடுதான் செலவாகிறது என்றே காட்டுகிறது. இரண்டாவது, வேறொரு 1.3 அங்குலத் திரையை அதே நிரலுடன் மாற்றிப் பொருத்தினால் வெறும் இரைச்சல் புள்ளிகள் தெரிகின்றன. மூன்றாவது, ‘வெப்பநிலை’ என்று தமிழில் எழுத முயன்றால் தொடர்பே இல்லாத குறிகள் வருகின்றன. மூன்றுக்கும் விடை ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகிறது: திரைக்குள் 1024 பைட் நினைவகம் ஒன்று இருக்கிறது, அதில் எந்த பைட்டை யார் எங்கே வைக்கிறார்கள் என்பதே கேள்வி. அதனால் அந்த நினைவகத்தை முதலில் விளக்கிவிட்டு உங்கள் சிக்கல்களுக்கு வருகிறேன்.

உங்கள் 0.96 அங்குலத் திரையை இயக்கும் சில்லு சாலமன் சிஸ்டெக் நிறுவனத்தின் எஸ்எஸ்டி1306. திரையில் அகலவாக்கில் 128, உயரவாக்கில் 64 பிக்சல்கள் உள்ளன. ஒரு பிக்சல் ஒன்று எரியும், இல்லையேல் அணைந்திருக்கும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட் போதும். 8192 பிட்டுகள் என்பது 1024 பைட்டுகள். இந்த நினைவகம் மேலிருந்து கீழாக எட்டுப் பட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பட்டையும் எட்டு பிக்சல் உயரமும் 128 பைட் நீளமும் உடையது. பலரும் தடுமாறும் இடம் இங்கேதான் இருக்கிறது: பட்டைக்குள் ஒரு பைட் என்பது கிடைமட்டமாக அடுத்தடுத்த எட்டுப் பிக்சல்கள் அல்ல, செங்குத்தாக ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ள எட்டுப் பிக்சல்கள். பைட்டின் கடைசி பிட், அதாவது ஒன்றாம் இடமதிப்புள்ள பிட், மேலே இருக்கும். 128 மதிப்புள்ள பிட் அடியில் இருக்கும். ஆகவே 1 என்ற பைட்டை எழுதினால் பட்டையின் உச்சியில் ஒரு புள்ளி மட்டும் எரியும், 255 எழுதினால் எட்டுப் பிக்சல் உயரத்துக்கு ஒரு நெடுங்கோடு எரியும். கணினியில் படத்தை பைட்டுகளாக மாற்றித் தரும் கருவிகள் பெரும்பாலும் கிடைமட்ட வரிசையில் தருவதால், அந்த பைட்டுகளை நேரடியாகச் சில்லுக்கு அனுப்பினால் படம் எட்டு எட்டாக நறுக்கிக் கலைத்ததுபோல் தெரியும்.

இன்னொரு செய்தி இதைவிட முக்கியமானது. ஐ2சி வழியாகவோ எஸ்பிஐ என்ற இன்னொரு தொடர்பு முறை வழியாகவோ இணைக்கும்போது இந்த நினைவகத்தில் எழுதலாமே தவிர, அதிலிருந்து படிக்க முடியாது. ஒரு பைட்டில் எட்டுப் பிக்சல்கள் சேர்ந்திருப்பதால், அவற்றுள் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டுமானால் மற்ற ஏழும் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரிந்தாக வேண்டும். திரை அதைச் சொல்லாது. எனவே அடாஃப்ரூட் லைப்ரரி திரையின் முழுப் பிரதி ஒன்றை, அதாவது 1024 பைட் பஃபரை, உங்கள் பலகையின் ராமில், அதாவது நிரல் ஓடும்போது பயன்படும் நினைவகத்தில், வைத்துக்கொள்கிறது. நீங்கள் வரையும் ஒவ்வொரு கோடும் எழுத்தும் முதலில் அந்தப் பிரதியில்தான் விழுகின்றன. காட்டு என்று ஆணையிடும்போது பிரதி முழுவதும் திரைக்குப் போகிறது. வரைந்துவிட்டு அந்த ஆணையை விட்டுவிட்டால் எதுவும் தெரியாததற்கும் இதுவே காரணம்.

இனி உங்கள் முதல் சிக்கல். யூனோவில் உள்ள ஏடிமெகா328பி சில்லுக்கு நிரலைச் சேமிக்கும் ஃபிளாஷ் நினைவகம் 32 கிலோபைட் இருந்தாலும் ராம் 2048 பைட்டுதான். எஸ்டி லைப்ரரி கார்டின் ஒரு பிளாக்கைத் தாங்குவதற்கு 512 பைட் எடுத்துக்கொள்கிறது. சீரியல் தொடர்பு அனுப்புவதற்கு 64, பெறுவதற்கு 64 என்று 128 பைட் எடுக்கிறது. ஐ2சிக்கான வயர் லைப்ரரி 32 பைட் பஃபர்கள் ஐந்து வைத்திருக்கிறது, அது 160. கூட்டினால் 800 பைட், அதாவது மொத்தத்தில் 39 விழுக்காடு. கம்பைலர் காட்டும் எண் இதை ஒட்டியதுதான், அது பொய்யில்லை. ஆனால் திரைக்கான 1024 பைட் அந்தக் கணக்கில் வராது, ஏனெனில் லைப்ரரி அதை நிரல் ஓடத் தொடங்கிய பிறகு, திரையைத் தொடக்கும் வரியில்தான் கேட்டு வாங்குகிறது. 2048இல் 800 போனால் 1248. அதில் 1024 போனால் 224. ஏடிமெகா328பி சேர்ந்த ஏவிஆர் குடும்பச் சில்லுகளில் நினைவகம் ஒதுக்கும் செயல்கூறு, ஸ்டாக்குக்கும் (செயல்கூறுகள் ஓடும்போது தற்காலிகமாக எடுக்கும் இடம்) ஹீப்புக்கும் (நிரல் கேட்டு வாங்கும் இடம்) இடையில் 128 பைட் இடைவெளி விட்டுத்தான் இடம் தரும். அதையும் கழித்தால் மிஞ்சுவது 96 பைட். அந்த 96க்குள்தான் உங்கள் மாறிகள், மற்ற லைப்ரரிகளின் மாறிகள், அந்த நேரத்து ஸ்டாக், நீங்கள் மேற்கோள் குறிக்குள் எழுதியிருக்கும் ஒவ்வொரு சொல் எல்லாமே அடங்க வேண்டும்.

அந்தச் சொற்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். ஏவிஆரில் மேற்கோள் குறிக்குள் எழுதும் எழுத்துச்சரம் வழக்கமாக ஃபிளாஷிலிருந்து ராமுக்கும் நகலெடுக்கப்படும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால், யூனிகோடு எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறிமதிப்பு (ஓர் எழுத்துக்கோ குறிக்கோ யூனிகோடு தரும் எண்) ஒன்றுக்கு மூன்று பைட். ‘வெப்பநிலை’யில் ஒன்பது குறிமதிப்புகள் உள்ளன: வ, எகரக் குறி, ப, புள்ளி, ப, ந, இகரக் குறி, ல, ஐகாரக் குறி. அவற்றுக்கு 27 பைட், சரத்தின் முடிவைக் குறிக்கும் ஒரு பைட் சேர்த்தால் 28. ‘ஈரப்பதம்’ 25 பைட், ‘பதிவாகிறது’ 31 பைட். இந்த மூன்று சொற்களே 84 பைட்டை எடுத்துக்கொண்டுவிடும். உங்கள் நிரலில் ஆங்கிலத்தில் பிழைச்செய்திகளும் இருப்பதாகச் சொல்கிறீர்கள். எனவே 1024 பைட் கிடைக்காமல், திரையைத் தொடக்கும் வரி தோல்வியைத் திருப்பித் தருகிறது. மாதிரி நிரலில் அதற்கு அடுத்தே இருக்கும் முடிவில்லாச் சுழற்சியில் பலகை நின்றுவிடுகிறது. இந்த லைப்ரரி ஐ2சியில் அந்த வரியிலிருந்து தோல்வி என்று சொன்னால் அது நினைவகம் கிடைக்காததைத்தான் குறிக்கும். திரை இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதை அது சோதிப்பதே இல்லை. கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்டினாலும் வெற்றி என்றே சொல்லும். சீரியல் மானிட்டரில் வரும் செய்தியைப் பார்த்து வயரிங்கைச் சந்தேகிக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

தீர்வு என்ன என்றால், முதலில் நிலையான எழுத்துச்சரங்கள் எல்லாவற்றையும் எஃப் என்ற மேக்ரோவுக்குள் போடுங்கள். அவை ராமுக்கு வராமல் ஃபிளாஷிலேயே இருந்து அங்கிருந்தே படிக்கப்படும். உங்கள் நிரல் இப்போது இருக்கும் அளவுக்கு அது மட்டுமே திரையை எரியவைக்கக்கூடும். ஆனால் எஸ்டி கார்டில் கோப்பைத் திறக்கும்போது இன்னும் கொஞ்சம் ராம் போகும், செயல்கூறுகள் ஒன்றுக்குள் ஒன்று அழைக்கப்படும்போது ஸ்டாக் வளரும். அப்போது பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் ஸ்டாக் பஃபரின்மேல் ஏறிவிடும். திரையின் அடிப்பகுதியில் தாறுமாறான புள்ளிகள் தோன்றலாம், பலகை தானாக மீண்டும் தொடங்கலாம். பல மாதம் ஆளில்லாமல் ஓட வேண்டிய பதிவுக் கருவியை இவ்வளவு குறுகிய இடத்தில் நிறுத்துவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

யூனோவையே வைத்துக்கொள்ள வேண்டுமானால் யு8ஜி2 லைப்ரரிக்கு மாறுங்கள். அதில் முழு பஃபருக்குப் பதில் ஒரு பட்டைக்கான 128 பைட்டை மட்டும் வைத்துக்கொள்ளும் முறை உண்டு. உங்கள் வரைதல் வரிகளை அது எட்டு முறை ஓட்டும். ஒவ்வொரு முறையும் ஒரு பட்டைக்குள் விழும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு திரைக்கு அனுப்பும். ராமில் 896 பைட் மிச்சம், அதற்கு விலை வரையும் நேரம். இதில் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: சென்சாரைப் படிப்பதை அந்தச் சுழற்சிக்கு வெளியே, முன்பே செய்து, மதிப்பை ஒரு மாறியில் வைத்துக்கொள்ள வேண்டும். சுழற்சிக்குள் படித்தால் மேல்பட்டை வரையும்போது 27.4 என்றும் அடுத்த பட்டை வரையும்போது 27.5 என்றும் மதிப்பு மாறி, எண்ணின் தலை ஒன்றாகவும் கால் ஒன்றாகவும் வரும். பலகையை மாற்றத் தயார் என்றால் 264 கிலோபைட் ராம் உள்ள ராஸ்பெர்ரி பை பிக்கோவில் இந்தக் கவலையே எழாது. அதன் பின்கள் 3.3 வோல்ட் என்பதும் திரையின் சில்லுக்குப் பொருத்தமானது.

இரண்டாவது சிக்கலைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1.3 அங்குலத் திரைகளில் பெரும்பாலும் இருப்பது எஸ்எஸ்டி1306 அல்ல, எஸ்ஹெச்1106. இரண்டுக்கும் ஆணைகள் ஏறத்தாழ ஒன்றே என்பதால் திரை எரியத்தான் செய்யும். ஆனால் எஸ்ஹெச்1106இன் நினைவகம் 132 நெடுவரிசை அகலம் கொண்டது. நடுவிலுள்ள 128தான் கண்ணுக்குத் தெரியும், ஆகவே எழுதுவதை இரண்டு நெடுவரிசை தள்ளித் தொடங்க வேண்டும். மேலும் ஒரு பட்டை முடிந்ததும் தானாக அடுத்த பட்டைக்குத் தாவும் முறை அதில் கிடையாது. எஸ்எஸ்டி1306க்கு எழுதிய நிரல் அந்தத் தாவலை நம்பி 1024 பைட்டையும் ஒரே ஓட்டமாக அனுப்புகிறது. எஸ்ஹெச்1106 அவற்றை உரிய பட்டைகளில் வைக்காது. எழுதப்படாத இடங்களில் மின்சாரம் வந்தபோது இருந்த குப்பை மதிப்புகளே தெரியும். நீங்கள் காணும் இரைச்சல் அதுதான். யு8ஜி2இல் சில்லின் பெயரை மாற்றிக் கொடுத்தால் போதும், வேறெதையும் தொட வேண்டாம்.

புதிய திரை எதுவானாலும் சோதிக்க ஒரு வரிசை சொல்கிறேன். மின்சாரம் கொடுக்கும் முன் பின்களின் பெயரைப் படியுங்கள். நான்கு பின் மாட்யூல்களில் சிலவற்றில் ஜிஎன்டி (தரை இணைப்பு) முதலில் வரும், சிலவற்றில் விசிசி (மின்சாரம் தரும் இணைப்பு) முதலில் வரும். பழைய திரையின் இடத்தில் பார்க்காமல் செருகினால் புதிய திரை கெட்டுவிடும். ஐ2சியின் இரு கம்பிகளில், யூனோவில் எஸ்டிஏ (தரவு) என்பது ஏ4 பின், எஸ்சிஎல் (கடிகாரத் துடிப்பு) என்பது ஏ5 பின். அடுத்து ஐ2சி முகவரி. மாட்யூலின் பின்புறம் பதினாறடிமானத்தில் 78 என்றும் 7ஏ என்றும் அச்சிட்டிருப்பது எழுதுவதற்கான பிட்டையும் சேர்த்த எட்டு பிட் வடிவம். அடாஃப்ரூட் லைப்ரரி கேட்பது ஏழு பிட் வடிவம், அது பாதியாகும்: 3சி அல்லது 3டி, பதின்மத்தில் 60 அல்லது 61. முகவரி தேடும் சிறு நிரலை ஓட்டி 60இலோ 61இலோ பதில் வருகிறதா என்று பாருங்கள். பதில் வந்தும் படம் வராவிட்டால், தொடக்க ஆணைகளுக்குப் பிறகு 165 என்ற ஆணையை மட்டும் அனுப்புங்கள். நினைவகத்தில் என்ன இருந்தாலும் பொருட்படுத்தாமல் எல்லாப் பிக்சல்களையும் எரிய வைப்பது அது. 164 அனுப்பினால் பழைய நிலைக்குத் திரும்பும். 165க்குத் திரை முழுதும் எரிந்தால் வயரிங், முகவரி, மின்சாரம் எல்லாம் சரி, கோளாறு நினைவகத்தில் போடும் தரவில்தான். எரியாவிட்டால் சார்ஜ் பம்பை இயக்கும் ஆணை, அதாவது 141ஐயும் அதைத் தொடர்ந்து 20ஐயும், போகிறதா என்று பாருங்கள். ஓஎல்இடிக்கு வேண்டிய ஏழு வோல்ட் அளவிலான மின்னழுத்தத்தை 3.3 வோல்ட்டிலிருந்து உயர்த்திக் கொடுப்பது அந்தப் பம்புதான். சொந்தமாக டிரைவர் எழுதுவோர் விட்டுவிடும் முதல் ஆணையும் அதுவே.

வேகம் பற்றியும் ஒரு சொல். ஐ2சியில் ஒரு பைட்டுக்கு ஒப்புதல் பிட்டுடன் ஒன்பது பிட்டுகள். வயர் லைப்ரரியின் பஃபர் 32 பைட் என்பதால், ஒவ்வொரு அனுப்புதலிலும் இது தரவு என்று சொல்லும் கட்டுப்பாட்டு பைட் போக 31 பைட்டுதான் போகும். 1024 பைட்டுக்கு 34 முறை அனுப்ப வேண்டும். 100 கிலோஹெர்ட்ஸில் இதற்கு ஏறத்தாழ 98 மில்லிவினாடியும் 400 கிலோஹெர்ட்ஸில் 25 மில்லிவினாடியும் ஆகும். வெப்பநிலை காட்டுவதற்கு இது தாராளம். ஆனால் நான்கு இலக்க எண் ஒன்று மாறுவதற்காக முழுத் திரையையும் அனுப்புவது வீண். 33 என்ற ஆணையால் தொடக்க, முடிவு நெடுவரிசைகளையும், 34 என்ற ஆணையால் தொடக்க, முடிவுப் பட்டைகளையும் குறித்துவிட்டு, அந்தச் சதுரத்துக்கு உரிய பைட்டுகளை மட்டும் அனுப்பலாம். எழுத்துகளைப் பட்டையின் எல்லையிலேயே தொடங்கி எழுதுவதென்று தீர்மானித்துவிட்டால் பக்கத்துப் பிக்சல்களைப் பற்றிய கவலை இல்லை, ஆகவே ராமில் பஃபரே வேண்டாம். உங்கள் தமிழ் எழுத்துக்கு நான் பரிந்துரைக்கப்போவதும் இதே வழிதான்.

அடாஃப்ரூட் லைப்ரரியின் உள்ளமைந்த எழுத்துருவில் ஒரு பைட் ஓர் எழுத்து. ‘வெப்பநிலை’ என்று கொடுத்தால் அதன் 27 பைட்டுகளும் 27 தனித்தனிக் குறிகளாக வரும். வரிக்கு 21 குறிகளே கொள்ளும் என்பதால் மீதி அடுத்த வரிக்கும் இறங்கும். யு8ஜி2 யுடிஎஃப்-8ஐப் புரிந்துகொள்ளும், ஆனால் குறிமதிப்புகளை வந்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும். யூனிகோடில் ‘வெ’ என்பது முதலில் வ, பிறகு எகரக் குறி. கண்ணுக்கோ கொம்பு முன்னால் வர வேண்டும். ‘நி’, ‘கு’, ‘மூ’ போன்றவற்றில் குறி எழுத்தோடு இணைந்து புதிய வடிவமே எடுக்கிறது. கணினியிலும் கைபேசியிலும் இதைச் செய்யும் வடிவமைப்பு மென்பொருள் 32 கிலோபைட்டுக்குள் அடங்காது. அடங்கத் தேவையும் இல்லை, ஏனெனில் தமிழின் வடிவங்கள் எண்ணி முடிக்கக்கூடியவை.

247 எழுத்துக்கும் தனித்தனிப் படம் வைப்பது ஒரு வழி. ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக் குறிமதிப்பு தருவதே 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடுடன் சேர்த்துத் தரமாக ஏற்ற டேஸ்16 குறியாக்கத்தின் அடிப்படையும். 16 பிக்சல் உயரம், 16 பிக்சல் அகலம் என்றால் ஒரு படத்துக்கு 32 பைட், மொத்தம் 7904 பைட். ஃபிளாஷில் இடம் உண்டு. ஆனால் ‘கொ’, ‘ணௌ’ போன்றவை 16 அகலத்தில் நெருங்கிக் குழம்பும். அதைவிட வடிவத் துண்டுகளாக வைப்பது நல்லது. உயிர் 12, ஆய்தம் 1. பதினெட்டு மெய்களுக்கும் அகரம், புள்ளி, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் ஏறிய ஆறாறு வடிவங்கள், ஆக 108. தனித்து நிற்கும் கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு என நான்கு. மொத்தம் 125 துண்டுகள், 4000 பைட். ஔகாரத்தின் பின்பகுதிக்கு ளகரப் படமே போதும். ஜ, ஷ, ஸ, ஹ வேண்டுமென்றால் அவற்றுக்கும் இதே ஆறு வடிவங்கள்.

நிரலின் வேலையும் எளிது. தமிழ்க் குறிமதிப்பின் முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. இரண்டாவதிலிருந்து 174ஐக் கழித்து 64ஆல் பெருக்கி, மூன்றாவதிலிருந்து 128ஐக் கழித்துக் கூட்டினால் தமிழ்த் தொகுதிக்குள் அந்தக் குறியின் இடம் 0 முதல் 127க்குள் கிடைத்துவிடும். ஒரு மெய்யைப் படித்ததும் உடனே வரையாமல் அடுத்த குறியைப் பாருங்கள். புள்ளி, இ, ஈ, உ, ஊ என்றால் அந்த மெய்யின் உரிய வடிவத்தை வரையுங்கள். எ, ஏ, ஐ என்றால் கொம்பை வரைந்துவிட்டு மெய்யை வரையுங்கள். ஒ, ஓ, ஔ என்றால் கொம்பு, மெய், காலோ ளகரமோ என்று மூன்றையும் வரையுங்கள். ஒகரத்தைச் சில கருவிகள் ஒரே குறியாகவும் சில எகரக் குறி, கால் என இரண்டாகவும் அனுப்பும். எகரத்தை முடித்தபின் தனியாக வரும் காலை அப்படியே வரைந்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இந்த முறையில் ‘வெப்பநிலை’ ஏழு துண்டுகளாகும்: கொம்பு, வ, ப், ப, நி, ஐகாரக் கொம்பு, ல. ஒவ்வொரு துண்டுக்கும் அதன் உண்மையான அகலத்தை ஒரு பைட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கால் ஆறு பிக்சலில் முடிந்துவிடும், அதற்குப் பதினாறு கொடுத்தால் சொல் ஓட்டைப்பல் போலத் தெரியும். புள்ளியை ஒரே பிக்சலாக வரைந்தால் மெய் அகரமாகவே படிக்கப்படும். இரண்டுக்கு இரண்டாக, எழுத்தின் தலைக்கும் அதற்கும் இடையே ஒரு வரி விட்டு வரையுங்கள்.

16 பிக்சல் உயரம் என்பது சரியாக இரண்டு பட்டை. எனவே ஒரு துண்டின் மேல்பாதி பைட்டுகளை ஒரு பட்டையிலும் கீழ்ப்பாதியை அடுத்த பட்டையிலும் நேரடியாக எழுதலாம். திரையில் நான்கு தமிழ் வரிகள் கொள்ளும். மேல் பதினாறு வரிசை மஞ்சளாகவும் மீதி நீலமாகவும் எரியும் வகைத் திரையானால் ‘வெப்பநிலை’ என்ற தலைப்பு மஞ்சள் பகுதியில் அளவெடுத்தது போல் உட்காரும். தலைப்பை ஒருமுறை எழுதிவிட்டு, பிறகு எண்ணின் சதுரத்தை மட்டும் புதுப்பித்துக்கொண்டிருங்கள்.

அப்படி ஒரே இடத்தில் நிற்கும் தலைப்பின் பிக்சல்கள் நாளடைவில் மற்றவற்றைவிட மங்கும். ஓஎல்இடிக்கு இது இயல்பு. உங்கள் கருவி இரவு பகலாக ஓடப்போகிறது என்பதால் 129 என்ற ஆணையுடன் 0 முதல் 255 வரையிலான எண்ணைக் கொடுத்து ஒளியைக் குறையுங்கள். ஆளில்லாத நேரத்தில் 174 அனுப்பித் திரையை அணைத்து, பட்டன் அழுத்தும்போது 175 அனுப்பி எழுப்புங்கள். மின்சாரம் இருக்கும்வரை நினைவகம் அழியாது, எதையும் மறுபடி எழுத வேண்டியதில்லை. ஒரே நிறத்தில் எரியும் திரையானால் 64 முதல் 127 வரையிலான ஆணைகளும் உதவும். 64உடன் எத்தனையைக் கூட்டி அனுப்புகிறீர்களோ அத்தனை வரிசை படம் மேலே நகர்ந்து, மேலே மறைந்தது அடியில் வந்து சேரும். தலைப்பை மணிக்கொரு முறை இடம் மாற்றுவதற்கு அந்த ஓர் ஆணையே போதும்.